விழா மேடைக்கு விண்ணப்பித்தல்: திருகோணமலையிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

திருகோணமலையில் ஆசிரியையாகப் பணியாற்றும் சகோதரி ஒருவர், தமது முதற் சிறுகதைத் தொகுதி வெளிவந்து இரண்டு ஆண்டுகளான நிலையில், இவ்வாறு கேட்டிருக்கிறார்: "காலி இலக்கிய விழா போன்ற நிகழ்வுகளில் பேசுவதற்கு நாமாகவே விண்ணப்பிக்கலாமா, அழைப்பு வரும்வரை காத்திருப்பதுதான் முறையா? எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். மேடையில் சரளமாகப் பேச வராது. எங்கிருந்து தொடங்குவது?"

விண்ணப்பிக்கலாம், சகோதரி. உங்கள் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். நமது ஊர்களில் பேச்சாளர் என்பவர் வீட்டுக்கு வந்து அழைக்கப்படுபவர். அழைப்பிதழில் அவருடைய பெயரும் பட்டமும் பிழையில்லாமல் அச்சாகியிருக்க வேண்டும். தாமாக மேடை கேட்பவரை "மைக்கைக் கண்டால் விடமாட்டார்" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். இந்த மரியாதைக் கணக்கு நமது நூல் வெளியீடுகளுக்கு ஒருவேளை பொருந்தலாம். ஆனால் நமது பழைய மரபோ இதற்கு நேர்மாறானது. சங்ககாலப் பாணரும் புலவரும் புரவலரைத் தேடி நடந்தவர்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர் எதிரே வருபவருக்கு எந்த வழியில் போக வேண்டும், எங்கே தங்கலாம், யாரைக் கண்டு என்ன சொல்ல வேண்டும் என்று எடுத்துரைப்பதற்கென்றே ஆற்றுப்படை என்ற இலக்கிய வகை இருக்கிறது. நான் எழுதப்போவதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். பரிசில்தான் மிகச் சிறியது.

நமது ஊருக்கும் இது புதிதன்று. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895 இல் சென்னையில் வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவலாக அதனைக் குறிப்பிடுவது வழக்கம். பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்ட தருமு சிவராம், ஏறத்தாழ இருபது வயதில், 1959 இல் தொடங்கப்பட்டிருந்த 'எழுத்து' இதழுக்கு இங்கிருந்து எழுதியனுப்பினார். ஓர் எழுத்தாளர் தம்மை அறியாத ஒருவருக்குத் தமது எழுத்தை அனுப்பிவைப்பதற்கும் தமது பேச்சை முன்மொழிவதற்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை.

இனி விழாக்கள் பேச்சாளர்களைத் தெரிவுசெய்யும் விதத்துக்கு வருவோம். பெரிய விழாக்களில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவரோ சிறிய குழுவொன்றோ ஏறத்தாழ முழுப் பட்டியலையும் தாமே அமைத்துக்கொள்கின்றனர். பதிப்பாளர்களும் தூதரகங்களும் பண்பாட்டு நிறுவனங்களும் பெயர்களை முன்வைப்பதுண்டு. அப்படியிருந்தும் பட்டியலில் ஓரிரு இடங்கள் கடைசிவரை இளகிய நிலையிலேயே இருக்கும். ஒரு தலைப்புக்கு மூன்றாமவர் கிடைக்கவில்லை, கிழக்கிலிருந்து எவருமில்லை, பெண் எழுத்தாளர் ஒருவர் வேண்டும் என்றெல்லாம் தேடும்போது தம் கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நல்ல முன்மொழிவை எடுத்துப் பார்ப்பார்கள். வேறு சில விழாக்கள் வெளிப்படையாகவே முன்மொழிவுகளைக் கோரி ஒரு படிவத்தையும் இறுதித் திகதியையும் அறிவிக்கும். எதுவாயினும், விழா நடப்பதற்கு ஆறேழு மாதங்களுக்கு முன்பே எழுதிவிடுங்கள். நிகழ்ச்சி நிரல் வெளியான பிறகு அனுப்பப்படும் விண்ணப்பத்தை, எவ்வளவு சிறந்ததாயினும், யாரும் திறந்து பார்ப்பதில்லை.

எழுதுவதற்கு முன், அந்த விழா இவ்வாண்டு நடக்கிறதா, யார் நடத்துகிறார்கள் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். காலி விழா 2007 இல் தொடங்கியது, இடையில் சில ஆண்டுகள் நின்றுபோய் 2016 இல் மீண்டும் நடந்தது, அனுசரணையாளரும் மாறியிருக்கின்றனர். பழைய முகவரிக்கு, விலகிச் சென்ற ஒருவரின் பெயருக்கு எழுதப்படும் மின்னஞ்சல் கடலில் போட்ட கல்தான்.

எனது அனுபவத்தில், விண்ணப்பங்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் எழுத்தின் தரம் காரணமாக இருப்பதில்லை. விண்ணப்பிப்பவர் விழாவை ஒரு நூல் வெளியீடாக எண்ணிக்கொண்டு எழுதுவதே காரணம். வெளியீடு எப்படி நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை, நயவுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், பொன்னாடை, ஏற்புரை, நன்றியுரை. மூன்று மணித்தியாலத்தில் எழுத்தாளர் பேசுவது பத்து நிமிடம், அதுவும் சபை பாதி கலைந்த பிறகு. அங்கே வந்திருப்பவர்கள் உங்களை அறிந்தவர்கள், உங்களுக்காகவே வந்தவர்கள். இலக்கிய விழாவின் அமர்வில் மூவரோ நால்வரோ நாற்காலிகளில் அமர்ந்து, ஒரு நெறியாளர் கேட்கக் கேட்க, முக்கால் மணி முதல் ஒரு மணிநேரம் வரை உரையாடுகின்றனர். முன்னால் இருப்பவர்களில் பலர் உங்கள் நூலைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள். ஆகவே தொகுப்பாளர் உங்கள் விண்ணப்பத்தில் தேடுவது, உங்கள் நூலை வாசித்திராத ஒருவரும் அமர்ந்து கேட்கக்கூடிய உரையாடல் இதில் இருக்கிறதா என்பதைத்தான்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவுக்கு நான் அனுப்பிய முதல் விண்ணப்பம் ஏழு பக்கம். பாடசாலைக் காலத்துக் கட்டுரைப் போட்டிப் பரிசு முதல் எல்லாம் அதில் இருந்தன. என்ன பேசப்போகிறேன் என்பது மட்டும் இல்லை. பதில் வரவில்லை. பின்னர் வேறொரு விழாவின் தெரிவுக் குழுவில் அமர நேர்ந்தபோது, என் விண்ணப்பத்தைப் போன்ற பல விண்ணப்பங்களை நானே ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. "வளர்ந்துவரும் எழுத்தாளராகிய எனக்கு ஒரு சந்தர்ப்பம் வழங்கவும்" என்று ஒருவர் எழுதும்போது, படிப்பவருக்கு இரக்கம் வருகிறதேயொழிய நிகழ்ச்சி நிரலில் போடுவதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

அப்படியானால் எப்படி எழுதுவது? உங்கள் இடத்தில் நான் இருந்து காலிக்கு எழுதுவதாயின், ஏறத்தாழ இவ்வாறு முன்மொழிவேன்:

"தலைப்பு: இரு துறைமுகங்கள். காலி நகரில் 1911 இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பேசுகிறது. கடலோடு வந்தவர்கள் இந்தத் தீவிடம் பேசுவதற்குத் தேர்ந்துகொண்ட மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் அன்று இருந்தது. இன்று திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி மூன்று மொழிகள் ஒலித்தாலும், அங்கே எழுதப்படும் கதைகள் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் போவது அரிது. திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் 1660 இல் சிறைப்பட்ட ஆங்கிலக் கடலோடி ரொபேட் நொக்ஸ் எழுதி 1681 இல் இலண்டனில் வெளியான நூல் ஐரோப்பாவெங்கும் வாசிக்கப்பட்டது. அதே குடாவின் கரையிலுள்ள மூதூரிலிருந்து எழுதிய வ. அ. இராசரத்தினத்தின் கதைகளைத் தெற்கில் எத்தனை பேர் அறிவர்? ஒரு கரையின் கதையை வெளியூரார் எழுதும்போதும் உள்ளூரார் எழுதும்போதும் எவை மாறுகின்றன என்பதைத் தமிழ்ச் சிறுகதையாசிரியர் ஒருவரும், கிண்ணியாக் கவிஞர் ஒருவரும், சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்க்கும் ஒருவரும் உரையாடுவர். காலம் 45 நிமிடம். தொடர்ந்து 15 நிமிடம் சபையோர் கேள்விகள்."

இவ்வளவுதான். இதில் உங்கள் நூலின் பெயரே இல்லை. அது கீழே வரும் தன்குறிப்பில் இருந்தால் போதும். விழா நடக்கும் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் இடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கிறது. பதில் முன்கூட்டியே தெரிந்துவிடாத ஒரு கேள்வி இருக்கிறது. யார் யார் அமர்வார்கள் என்ற உருவம் இருக்கிறது. தொகுப்பாளருக்கு மூவரில் இருவரை மாற்றவும் இடமிருக்கிறது. அந்த இடத்தை வேண்டுமென்றே விட்டுவைக்க வேண்டும். இதே முன்மொழிவை யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ அப்படியே அனுப்பாதீர்கள். அங்கே காலிக் கல்வெட்டு வெறும் தகவலாகிவிடும். அந்த ஊர்களுக்கும் நமக்கும் உள்ள கயிற்றைப் புதிதாகத் தேட வேண்டும்.

மொழி பற்றிய உங்கள் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. காலி விழா பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பது. ஆனால் தடுமாறும் ஆங்கிலத்தில் பேசுவதைவிட நல்ல தமிழில் பேசி, உரைபெயர்ப்பாளர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது மேல் என்பது என் உறுதியான கருத்து. தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் சொற்களைத் துழாவும்போது உங்களிடமுள்ள நுட்பமும் நகைச்சுவையும் முதலில் போய்விடுகின்றன. எஞ்சுவது பாடப்புத்தகத்தில் உள்ளதுபோன்ற பொதுவான வாக்கியங்கள். "தமிழில் பேசுவேன், உரைபெயர்ப்பு தேவைப்படும், இன்னார் அதைச் செய்ய இசைந்திருக்கிறார்" என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். ஒழுங்குசெய்ய வேண்டிய சுமையைக் குறைத்துக் கொடுத்தால் மறுப்பதற்கான காரணமும் குறைகிறது. உரைபெயர்ப்புடன் நடக்கும் அமர்வில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, சொல்ல வேண்டியவற்றையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் விட்டுவிடுவது இதைத்தான். உங்கள் கதைகளில் சிறந்த ஒன்றையேனும் ஆங்கிலத்தில் நல்ல முறையில் மொழிபெயர்ப்பித்து வையுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு இயன்ற ஊதியம் கொடுங்கள். அவருடைய பெயரை முதற்பக்கத்திலேயே போடுங்கள். தமிழ் தெரியாத தொகுப்பாளர் உங்களை அறிவதற்கு வேறு வழியில்லை. இலங்கையில் தமிழிலிருந்தோ சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்துக்கு வரும் இலக்கியத்துக்கெனத் தனிப் பரிசும் உண்டு. நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சி நிறுவிய கிறேஷன் இலக்கியப் பரிசை வழங்கும் அறக்கட்டளையே, எச். ஏ. ஐ. குணதிலக்க பெயரில் இந்த மொழிபெயர்ப்புப் பரிசையும் வழங்குகிறது. அத்தகைய பரிசுக்காக உழைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் நல்ல மூலங்களைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். நீங்களே சென்று கதவைத் தட்டுவதில் இழுக்கில்லை.

விண்ணப்பத்துடன் இணைப்பவை குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. நூறு சொற்களுக்கு மிகாத தன்குறிப்பு, தெளிவான ஒளிப்படம் ஒன்று, மொழிபெயர்க்கப்பட்ட கதை, நீங்கள் பேசும் இரண்டு மூன்று நிமிடக் காணொளி ஆகியவை போதும். காணொளி கையடக்கத் தொலைபேசியில் எடுத்ததாகவே இருக்கலாம். ஒலி தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஆசிரியையாகிய உங்களுக்கு வகுப்பறைக் குரல் இருக்கும். அதைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்திலிருந்து என்பேன். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கலாசார உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார்; பிரதேச இலக்கிய விழாவை ஒழுங்குசெய்வது அவருடைய பொறுப்பு. கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் நமது நகரிலேயே இருக்கிறது. மாகாண இலக்கிய விழாவை நடத்துவதும், முந்தைய ஆண்டில் வெளிவந்த நூல்களிலிருந்து பரிசுக்குரியவற்றைத் தெரிவுசெய்வதும் அதன் பணிகளுள் அடங்கும். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் எழுத்தாளர்கள் பஸ் ஏறி வந்துபோகும் அலுவலகத்துக்கு, அருகிலேயே இருக்கும் நாம் போகாமலிருப்பது வேடிக்கைதான். இந்த மேடைகளில் சம்பிரதாயங்கள் மிகுதி; பொன்னாடைகளும் மிகுதி. இருந்தாலும் அங்கே நீங்கள் பேசும் பத்து நிமிடத்தைப் பதிவுசெய்து வைத்தால் மேலே சொன்ன காணொளி உங்கள் கையில் இருக்கும். அதைவிட நல்ல பயிற்சி, நூலகத்திலோ பாடசாலை மண்டபத்திலோ உங்கள் நண்பர்கள் இருவரை அமர்த்தி, நயவுரை எதுவுமில்லாமல் ஓர் அமர்வை நீங்களே நடத்திப்பார்ப்பது. கேள்வி கேட்கும் பக்கத்தில் ஒருமுறை அமர்ந்தவர், பதில் சொல்லும் பக்கத்தில் அமரும்போது நீட்டிப் பேசமாட்டார்.

நூல் பிறருக்குக் கிடைக்கும்படி செய்வதும் இந்த ஆயத்தத்தின் ஒரு பகுதி. முந்நூறு பிரதி அடித்து, நூறைக் கையளித்து, மீதியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தால், ஒரு தொகுப்பாளர் விரும்பினாலும் அதை வாசிக்க முடியாது. ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி இலவசமாக வாசிக்கத் தரும் 'நூலகம்' என்ற இணையத்தளம் 2005 இலிருந்து இயங்கிவருகிறது. உங்கள் அனுமதியை எழுதிக்கொடுத்து நூலை அங்கே சேர்ப்பிக்கலாம். பிறகு விண்ணப்பத்தில் ஓர் இணைப்பைக் கொடுத்தால் போதும். அடுத்த நூலுக்கு ஐஎஸ்பிஎன் இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் மறக்காமல் பெற்றுவிடுங்கள். விழாப் புத்தகக் கடையில் நூலை வைக்கக் கேட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.

தமிழிலேயே நடக்கும் நிகழ்வுகளும் உங்களுக்கு முன்னால் இருக்கின்றன. புலம்பெயர்ந்தவர்கள் 1988 இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு ஊர் ஊராக மாறி நடந்து, 41 ஆவது சந்திப்பு 2013 இல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. நிலையான தலைமையகம் அதற்கில்லை. அடுத்த சந்திப்பை எந்த ஊர் நண்பர்கள் பொறுப்பேற்கிறார்களோ அவர்களுக்கே எழுத வேண்டும். தமிழ்நாட்டில் அரசின் பொருநை இலக்கியத் திருவிழா 2022 இல் திருநெல்வேலியில் நடந்தது. கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் விருது விழா 2010 இலிருந்து நடந்துவருகிறது. அங்கே எழுத்தாளருடன் வாசகர் கேள்வி பதிலாக உரையாடும் அரங்குகளுக்கு முக்கிய இடமுண்டு. இந்தியாவுக்குப் போவதாயின் எந்த வகை விசா என்பதை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சுற்றுலா விசாவை வைத்துக்கொண்டு மேடையேறிப் பேசுவது சிக்கலில் முடியலாம்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்கவில்லையாயினும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில், ஒரே மாதத்தில், கொழும்பில் நடந்த சர்வதேசத் தமிழ் எழுத்தாளர் மாநாட்டுக்கும் காலி இலக்கிய விழாவுக்கும் எதிராகப் புறக்கணிப்புக் கோரிக்கைகள் எழுந்தன. போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. அந்நிலையில் இங்கே இலக்கியம் கொண்டாடுவது எதை மறைப்பதாகும் என்பதே கேள்வியாக இருந்தது. நாவலாசிரியர்களான ஓரான் பாமுக்கும் கிரண் தேசாயும் அவ்வாண்டு காலிக்கு வரவில்லை. போனவர்களிடமும் போகாதவர்களிடமும் நேர்மையான காரணங்கள் இருந்தன. உங்களிடமும் யாராவது ஒருநாள் "ஏன் அங்கே போனீர்கள்?" என்று கேட்பார்கள். யார் அனுசரணை, யார் அரங்கில், எதைப் பேச அனுமதி என்பவற்றை விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்து, உங்கள் பதிலை உங்களுக்கே இரண்டு வாக்கியத்தில் சொல்லிப்பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் அந்த ஆண்டு விட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்ட பின் விலகுவது உடன் அமரவிருந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

பணத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்படக் கூடாது. எல்லா விழாக்களும் மதிப்பூதியம் தருவதில்லை; ஆனால் பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர், அங்கிருந்து காலிக்கு மேலும் ஏறத்தாழ 120; காலி விழா வழக்கமாக நடக்கும் ஜனவரியில் தெற்கில் நல்ல வெயில், நமக்கோ மாரி இன்னும் முழுதாக ஓய்ந்திராத காலம். வெள்ளத்தால் வீதியோ ரயிலோ தடைப்படலாம் என்பதால் ஒருநாள் முன்னதாகவே புறப்பட வேண்டும். அந்த ஓர் இரவுத் தங்கலையும் சேர்த்தே கேளுங்கள். கொழும்பிலிருப்பவர்களுக்கு இது தோன்றாது. மறுபுறம், "உங்களைத் தெரிவுசெய்துவிட்டோம், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சல்களுக்குப் பதிலே போடாதீர்கள். பேச அழைக்கும் விழா பேச்சாளரிடம் காசு கேட்பதில்லை.

அனுப்பிய பின் ஆறு வாரம் பொறுத்து, நான்கு வரியில் ஒரு நினைவூட்டல் எழுதலாம். அதற்கு மேல் வேண்டாம். இவ்வாண்டு இடமில்லை என்ற பதில் வந்தால் நன்றி சொல்லி, அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவுகளை எப்போது பார்க்கத் தொடங்குவார்கள் என்று கேட்டு, அந்த மாதத்தை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். முன்மொழிவை எழுதியதும், அனுப்புவதற்கு முன், இலக்கியம் அதிகம் வாசிக்காத சக ஆசிரியை ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் "இதைக் கேட்க நானும் வரலாமா?" என்று கேட்டால் அன்றிரவே அனுப்பிவிடுங்கள்.